பயத்தின் கணக்கும் பரவலின் கணக்கும்: தொற்று உள்ள பிள்ளை பள்ளிக்கு வரலாமா?

1985 ஆகஸ்ட் 26. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கொகோமோ என்ற ஊரில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. 13 வயது ரையன் ஒயிட் அன்று பள்ளிக்குப் போகவில்லை. போக அவனுக்கு அனுமதி இல்லை. வகுப்பறைக்கும் அவன் வீட்டுக்கும் ஒரு டெலிபோன் இணைப்பு கொடுத்திருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி, ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு அவன் பாடம் கேட்டான். ஆசிரியர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. கரும்பலகையில் என்ன எழுதினார் என்பது தெரிய வழியே இல்லை.

ரையனுக்கு எய்ட்ஸ். அதைவிட முன்பே, பிறந்ததிலிருந்தே, ஹீமோபிலியா. அடிபட்டால் ரத்தம் உறையாத நோய் அது. ரத்தம் உறைவதற்காக 'ஃபேக்டர் 8' என்ற மருந்தை வாரந்தோறும் ஏற்றிக்கொள்வான். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து அந்த மருந்தைச் செய்வார்கள். கொடுத்தவர்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் மொத்தமும் கெட்டது. ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை 1985 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அமெரிக்காவில் ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏராளமானோருக்குத் தொற்று ஏறிவிட்டிருந்தது. 1984 டிசம்பரில் நிமோனியா என்று சேர்த்த ரையனுக்கு நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தபோதுதான் எய்ட்ஸ் என்று தெரிந்தது. ஆறு மாதம்தான் என்றார்கள். அவன் தேறினான். தேறியதும் கேட்டது ஒன்றே ஒன்று: ஸ்கூலுக்குப் போகணும்.

அதற்கு அவனும் அவன் அம்மா ஜீன் ஒயிட்டும் ஒன்பது மாதம் போராட வேண்டியிருந்தது. 1985 ஜூன் 30 அன்று பள்ளி நிர்வாகம் முடியாது என்றது. அவனைச் சேர்க்கக் கூடாது என்ற மனுவில் 117 பெற்றோரும் 50 ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. முதலில் கல்வித் துறையின் படிகளையெல்லாம் ஏறி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். நவம்பர் 25 அன்று மாநிலக் கல்வித் துறை அதிகாரி, சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. 1986 பிப்ரவரி 21 அன்று ஒருவழியாகப் பள்ளிக்குப் போனான். அந்தப் பள்ளியில் படித்த 360 பேரில் 151 பேர் அன்று வரவில்லை. பிற்பகலுக்குள் எதிர்ப்புப் பெற்றோர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டார்கள். ஒரே நாள்தான் பள்ளி. தடை நீங்கி அவன் மறுபடி உள்ளே போனது ஏப்ரல் 10 அன்று.

உள்ளே போன பிறகாவது நிம்மதி கிடைத்ததா என்றால், இல்லை. தனிக் கழிப்பறை. சாப்பிடத் தூக்கி எறியும் தட்டும் கரண்டியும். உடற்பயிற்சி வகுப்பு கிடையாது. அவனுடைய லாக்கரைப் பாழாக்கினார்கள். உணவகத்தில் அவன் சாப்பிட்ட தட்டைக் குப்பையில் போட்டார்கள். அவன் வீடு வீடாகப் பேப்பர் போடும் பையன். அவன் கை பட்ட பேப்பர் வேண்டாம் என்று சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். சர்ச்சில் பக்கத்தில் இருப்பவர்களின் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவன் நீட்டிய கையை யாரும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் வீட்டு ஜன்னலைத் துளைத்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டு உள்ளே வந்தது. குடும்பம் ஊரையே காலி செய்தது.

இந்தக் கதையை நல்லவன் கெட்டவன் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தப் பெற்றோரின் பயம் காற்றிலிருந்து வரவில்லை. 1983 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் நியூஜெர்சிக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஒரே வீட்டில் சேர்ந்து புழங்குவதாலேயே எய்ட்ஸ் தொற்றக்கூடும் என்ற பொருளில் அது வாசிக்கப்பட்டது. பத்திரிகைகள் அதையே தலைப்பாக்கின. அந்தக் குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ வந்த தொற்று அது என்பது பின்னால் தெளிவானது. தெளிவான செய்திக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. ஒரு தாயிடம் போய், "டாக்டர்களே சொன்னார்கள், இப்போது இல்லை என்கிறார்கள், நம்புங்கள்" என்றால் அவள் எப்படி நம்புவாள்? "நூற்றுக்கு நூறு ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்றுதான் கேட்பாள். எந்த மருத்துவரும் எதற்கும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார். கொகோமோவில் சிக்கல் முடிச்சு விழுந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் விடை கையில் இருந்தது. ரையன் டெலிபோனில் பாடம் கேட்கத் தொடங்கி நான்கே நாளில், 1985 ஆகஸ்ட் 30 அன்று, அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. தொற்று உள்ள பள்ளி வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோரை மற்ற பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைப்பதே நல்லது என்றது. தடைக்கு அது விட்டுவைத்த இடம் சிறியது: மலம், சிறுநீர், எச்சில் ஆகியவற்றை அடக்கத் தெரியாத மிகச் சிறிய குழந்தைகள், கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், மூடி மறைக்க முடியாதபடி கசியும் புண் உள்ளவர்கள். அதையும் மருத்துவர், பெற்றோர், பள்ளி எல்லோரும் உட்கார்ந்து பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும் என்றது. விஷயம் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றும் சொன்னது.

அடுத்த பிப்ரவரியில், ரையன் அந்த ஒற்றை நாள் பள்ளிக்குப் போன அதே மாதத்தில், இன்னும் வலுவான சான்று வந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் எய்ட்ஸ் நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரைப் பரிசோதித்திருந்தார்கள். ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை. சில வீடுகளில் பல் துலக்கும் பிரஷ்கூட ஒன்றுதான். 101 பேரில் தொற்று இருந்தது ஒரே ஒரு குழந்தைக்கு. அதுவும் தாயிடமிருந்து பிறப்பிலேயே வந்திருக்க வேண்டியது. ஒரே பிரஷ்ஷால் பல் துலக்கியவர்களுக்கே வராதது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் வந்துவிடுமா?

சரி, விஞ்ஞானம் அன்று எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஊர்கள் நடந்துகொண்ட விதம்தான் வேறு. அதே 1985 செப்டம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்வான்சி என்ற சிற்றூரில் மார்க் ஹாய்ல் என்ற பையன் இருந்தான். அவனுக்கும் 13 வயது. அவனுக்கும் ஹீமோபிலியா, அதே வழியில் வந்த எய்ட்ஸ். அங்கேயும் பெற்றோர் கூட்டம் நடந்தது, குரல்கள் உயர்ந்தன. ஆனால் பள்ளி நிர்வாகம் முதலிலேயே மருத்துவர்களிடம் கேட்டு, சேர்த்துக்கொள்கிறோம் என்று முடிவு செய்து, அதில் நின்றது. மார்க் வகுப்புக்குப் போனான். 1986-ல் அவன் இறந்தபோது அவனைத் தங்கள் பிள்ளையாகவே அந்த ஊர் வழியனுப்பியது. ஸ்வான்சியில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு இன்று அவன் பெயர்தான்.

ரையனுக்கும் ஒரு ஸ்வான்சி கிடைத்தது, தாமதமாக. குடும்பம் குடிபெயர்ந்த சிசரோ, கொகோமோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். அதே மாநிலம், அதே மாதிரி ஜனங்கள். அதற்கு அருகில் இருந்த ஹாமில்டன் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளி அவன் வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்திருந்தது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எய்ட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று வகுப்பு எடுத்தார்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொன்னார்கள். 1987 ஆகஸ்ட் 31 அன்று ரையன் வாசலில் வந்து இறங்கியபோது, தலைமை ஆசிரியர் டோனி குக் உட்படப் பலர் வந்து கைகுலுக்கினார்கள். சர்ச்சில் யாரும் பிடிக்காத அதே கை. 1990 ஏப்ரல் 8 அன்று, 18 வயதில் இறக்கும் வரை ரையன் அந்தப் பள்ளியின் மாணவனாகவே இருந்தான்.

அந்த 1987 ஆகஸ்ட் மாதம் இன்னொரு ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புளோரிடா மாநிலத்தில் ஆர்கேடியா என்ற ஊரில் எச்.ஐ.வி. தொற்று உள்ள மூன்று சகோதரர்களைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. பள்ளி திறந்த வாரமே அவர்கள் வீடு எரிந்தது. நீதிமன்ற உத்தரவு கதவைத் திறக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் மனதுக்கு முன்கூட்டியே யாராவது போய்ப் பேசியிருக்க வேண்டும்.

இனி, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்வதற்கு எது சரியான அளவுகோல்? இதற்கு மிகத் தெளிவான பதிலைக் கொடுத்தது ஒரு டி.பி. வழக்கு. புளோரிடாவின் நாசாவ் கவுண்டியில் ஜீன் ஆர்லைன் என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கு டி.பி. மறுபடி மறுபடி வந்தது. 1979-ல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987-ல் நீதிமன்றம், தொற்றுநோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது என்றது. முடிவெடுக்குமுன் நான்கு கேள்விகளுக்கு மருத்துவ ரீதியாக விடை காண வேண்டும் என்றது. நோய் எந்த வழியில் பரவுகிறது? இந்த ஆளிடமிருந்து எத்தனை நாள் பரவும்? பரவினால் அடுத்தவருக்கு எவ்வளவு கெடுதல்? உண்மையில் பரவுவதற்கு எவ்வளவு வாய்ப்பு?

இந்த நான்கையும் நம் தெரு நோய்கள் மேல் வைத்துப் பாருங்கள். நாம் பயப்படும் வரிசையும் நோய் பரவும் வரிசையும் கிட்டத்தட்டத் தலைகீழாக இருக்கும்.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். இருமிய பிள்ளை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். தடுப்பூசி போடாத பிள்ளைகள் பத்துப் பேர் அதன் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். உடம்பில் தடிப்பு கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவ ஆரம்பித்துவிடும். கிளம்பிய பிறகு இன்னும் நான்கு நாள். அதாவது வெறும் சளி, காய்ச்சல் என்று நினைத்து நாம் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்திருக்கும் அந்த நாட்களில்தான் அது முழு வகுப்புக்கும் கொடுக்கிறது. நிமோனியாவும் மூளைக் காய்ச்சலும் கொண்டுவந்து உயிரையும் எடுக்கக்கூடிய நோய். ஆனாலும் தட்டம்மை வந்த பிள்ளையைப் பார்த்து யாரும் டி.சி. வாங்கிக்கொள் என்று சொன்னதில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. நோய்க்குப் பயப்படாமல் ஊசிக்குப் பயந்தோம்.

சின்னம்மைக்கு நம் ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் உள்ளே போக மாட்டார்கள், அந்த வீட்டுப் பிள்ளை ஏன் ஸ்கூலுக்கு வரவில்லை என்று டீச்சரும் கேட்க மாட்டார். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை வெளியே வரும். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பரவும் என்பது மருத்துவக் கணக்கு. அதற்குப் பொதுவாக ஐந்தாறு நாள் ஆகும். தண்ணீர் ஊற்றும் கணக்கு அதைத் தாண்டியே நிற்கும். அந்த வேப்பிலையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நாள் முடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். பிள்ளை மறுபடி எல்லாப் பிள்ளைகளோடும் ஒன்றாகிவிடும். அம்மை வந்து போன வீடு என்று அப்புறம் யாரும் ஒதுக்குவதில்லை.

பொன்னுக்கு வீங்கி என்றால் கன்னம் வீங்கியதிலிருந்து ஐந்து நாள். கக்குவான் இருமலுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி ஐந்து நாள். மருந்தே எடுக்காவிட்டால் மூன்று வாரம். மஞ்சள் காமாலையில் ஏ வகை என்றால் கண் மஞ்சளாகி ஒரு வாரம். தொண்டை அடைப்பான் மட்டும் கண்டிப்பான கணக்கு: தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் கிருமி இல்லை என்று இரண்டு முறை உறுதியான பிறகே பள்ளி. இவை எல்லாம் 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கு விடை உள்ள நோய்கள். லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து, தேறியதும் திரும்பலாம்.

டி.பி. என்றதும் குரல் தாழ்ந்துவிடுகிறது. எலும்புருக்கி என்று பாட்டிமார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்ன காலத்தின் மிச்சம் அது. ஆனால் சின்னப் பிள்ளைகளின் டி.பி. பெரியவர்களுடையது மாதிரி இல்லை. அவர்கள் நுரையீரலில் கிருமி குறைவு. இருமி வெளியே தள்ளும் பலமும் குறைவு. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் பரவுவது அபூர்வம். ஒரு பிள்ளைக்கு டி.பி. என்று தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி, அது யாருக்குக் கொடுக்கும் என்பதைவிட, யாரிடமிருந்து வாங்கியது என்பதுதான். வீட்டில் தாத்தாவோ மாமாவோ மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பார். சில சமயம் அது பள்ளியிலேயே வேலை பார்க்கும் பெரியவராகவும் இருக்கலாம். அவர்களைத் தேடிப் பரிசோதிக்காமல் பிள்ளையை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் கிருமி அது இருந்த இடத்திலேயே இருக்கும். வளரிளம் பிள்ளைகளுக்குச் சளியில் கிருமி தெரிகிற டி.பி. வந்தால், மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருக்கும் பட்சத்தில், பொதுவாக இரண்டு வாரம் ஒழுங்காக மாத்திரை எடுத்து, மருத்துவர் சரி என்றதும் வகுப்புக்கு வரலாம். மருந்துக்கு அடங்காத வகை என்றால் கூடுதல் நாள் ஆகும்.

இந்த இடத்தில் சென்னைக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அதுவரை டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஒதுக்கி வைப்பதுதான் வைத்தியம். அந்த மையம் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு வைத்தது. இன்னொரு பாதிக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே வைத்து மாத்திரை கொடுத்தது. 1959-ல் முடிவு வெளியானது. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்திருந்ததால் கூட இருந்த மனைவி மக்களுக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. பரவல் நடந்ததெல்லாம் மருந்து தொடங்குவதற்கு முன்னால். சானடோரியங்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. ஒரே ஓலைக் கூரையின் கீழ் பாய் போட்டுப் படுத்தவர்களுக்கே மருந்து அரணாக நின்றது என்று நம் ஊரில் நிரூபித்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

தொழுநோய்க்கும் அதே கதை. கூட்டு மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரவுவது நின்றுவிடும். ஒதுக்கி வைக்கச் சொன்ன 1898-ஆம் வருடத்துச் சட்டத்தை இந்தியா ரத்து செய்தது 2016-ல்தான்.

எச்.ஐ.வி.க்கு வருவோம். எந்த வழியில் பரவும் என்ற முதல் கேள்விக்கான விடையிலேயே பள்ளியைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிடுகிறது. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே கழிப்பறைக்குப் போனால், கொசு கடித்தால் வராது. அதே நேரத்தில் எத்தனை நாள் என்ற இரண்டாவது கேள்விக்கு, கிருமி வாழ்நாள் முழுக்க உடம்பில் இருக்கும் என்பதே விடை. ஆக எச்.ஐ.வி. உள்ள பிள்ளையைத் தற்காலிகமாக வீட்டில் இருக்கச் சொல்வது என்று ஒன்று கிடையாது. வெளியே நிறுத்தினால் நிரந்தரமாக நிறுத்துகிறோம். ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகப் பரவக்கூடியது. அது உள்ள பிள்ளைகள் எப்போதும் எல்லாப் பள்ளியிலும் படித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதைப் பற்றிக் கூட்டம் போட்ட ஊரை நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியானால் இந்தப் பயத்தில் கிருமியைத் தவிர வேறு ஏதோ கலந்திருக்கிறது. "அப்பன் எங்கே போய் வாங்கி வந்தானோ" என்ற பேச்சுதான் அது. ரையனை அமெரிக்காவே அப்பாவி என்று கொண்டாடியது; அந்தச் சொல் எய்ட்ஸ் வந்த மற்ற எல்லோரையும் குற்றவாளி ஆக்கியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வழக்கில் என்ன பங்கு?

உண்மையில் ஆபத்து யாருக்கு என்று பார்த்தால் அது வேறு பக்கம் திரும்புகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குத் தட்டம்மையும் சின்னம்மையும் எமன். வகுப்பில் மற்ற முப்பது பேர் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த ஒரு பிள்ளைக்கு அது வேலி. புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் இதே வேலிதான். பள்ளியில் யாருக்காவது அம்மை கண்டால் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையின் பெற்றோருக்கு முதலில் தகவல் போக வேண்டும், பிள்ளையை மருத்துவரிடம் காட்டச் சொல்லி. கொகோமோவில் 151 பேர் தன்னிடமிருந்து ஓடிய அன்று, அவர்களுடைய இருமலுக்கு ரையன் பயந்திருக்க வேண்டும். ஆனாலும் அவன் போனான்.

ரையன் ஏப்ரலில் பள்ளிக்குத் திரும்பிய அதே 1986-ல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த பதினைந்து வருடத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் நம் பள்ளி வாசல்களுக்கு வரத் தொடங்கினார்கள். 2003-ல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஓர் அக்கா, தம்பி. அப்பா அம்மா இருவரும் எய்ட்ஸில் போய்விட்டார்கள்; தாத்தா பாட்டி வளர்த்தார்கள். மற்ற பெற்றோர் எதிர்த்ததால் பள்ளிக் கதவு மூடியது. அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் கேரளத்துக்கு வந்து அந்த இரண்டு பிள்ளைகளையும் எல்லோர் முன்னிலையிலும் கட்டி அணைத்துக்கொண்டார். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. நூறு துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அது செய்தது என்பேன். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அதன் பிறகு இந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், பரீட்சை எழுதினார்கள், கல்லூரிக்குப் போனார்கள். சாகப்போகிற பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்வி அர்த்தமில்லாமல் போனது.

சட்டம் வர இன்னும் நாளானது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எச்.ஐ.வி. காரணமாக ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுப்பதும், பாதியில் நிறுத்துவதும், உள்ளே வைத்துக்கொண்டு வேறு மாதிரி நடத்துவதும் தவறு. சேர்க்கைக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கவும் கூடாது. தனித் தட்டு, தனிப் பாய், சத்துணவு வரிசையில் கடைசி இடம் எல்லாமே அந்த 'வேறு மாதிரி'யில் வரும். மீறினால் மாநிலக் குறைதீர் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

ஆனால் நடப்பில் யாரும் "எச்.ஐ.வி. இருப்பதால் சேர்க்க மாட்டோம்" என்று எழுத்தில் கொடுப்பதில்லை. "சீட் முடிந்துவிட்டதும்மா", "இந்த ஸ்கூல் உங்களுக்குத் தூரமாச்சே", "மத்த பேரண்ட்ஸ் பிரச்சினை பண்றாங்க, நீங்களே புரிஞ்சுக்கணும்" என்றுதான் வரும். புகார் கொடுக்கப் போனால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பாட்டி பேசாமல் டி.சி.யை வாங்கிக்கொண்டு நடக்கிறார். நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுகளிலும் இதே முள் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. அந்தப் பிரிவில் விண்ணப்பிக்கச் சான்று காட்ட வேண்டும். சலுகை வேண்டுமானால் ரகசியத்தைக் கொடு என்றாகிவிடுகிறது.

ரகசியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. "எங்களுக்குத் தெரிந்தால்தானே ஜாக்கிரதையாக இருக்க முடியும்?" நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் தன் வகுப்பில் யாருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, யாருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று முழுப் பட்டியல் எந்த ஆசிரியரிடமும் இருக்க முடியாது. பல பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே தெரியாது. ஆகவே ஜாக்கிரதை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது ஜாக்கிரதை.

அது எப்படி இருக்கும் என்றால், இப்படி. பி.டி. பீரியடில் ஒரு பையன் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருகிறான். ஆசிரியர் முதலுதவிப் பெட்டியிலிருந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். கையுறை இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் சுற்றிக்கொள்கிறார். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கட்டுப் போடுகிறார். தரையில் சிந்தியதைப் பழைய துணியால் ஒற்றி எடுத்து, அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றித் துடைக்கிறார்கள். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைச் சோப்பால் கழுவுகிறார். முடிந்தது. அந்தப் பையன் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. ஒரு பெட்டிக் கையுறையும் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரும் எந்தப் பள்ளிக்கும் பெரிய செலவு இல்லை.

அந்த 2017 சட்டத்தில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது, 32-ஆம் பிரிவு. 12 வயது நிரம்பி 18 ஆகாத ஒரு பிள்ளை, எச்.ஐ.வி. பாதித்த தன் குடும்பத்தைத் தானே நடத்தி வந்தால், அதற்கேற்ற பக்குவமும் இருந்தால், தம்பி தங்கைக்கு அந்தப் பிள்ளையே காப்பாளராக இருக்கலாம் என்கிறது அது. எதற்கெல்லாம் என்று ஒரு வரிசை கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்து எல்லாம் அதில் உண்டு. வரிசையில் முதலாவதாக இருப்பது பள்ளிச் சேர்க்கை. பன்னிரண்டு வயது அக்கா ஒருத்தி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, அட்மிஷன் பாரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் பெயரை எழுதுவாள் என்று யோசித்து எழுதிய சட்டம் அது. அவள் வந்து நிற்கும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும்.